நமக்கு நீச்சல் வராதா?



"நம்ம ஆளுங்களுக்கு நீச்சல் வராது, டீச்சர். எலும்பு கனம், மூழ்கிடுவோம்."

நீச்சல் போட்டிக்கு ஆள் தேடும்போதெல்லாம் எனக்குக் கிடைக்கும் பதில் இது. சொல்பவர்கள் சோம்பேறிகள் அல்லர். காற்பந்துக்கும் நூறு மீட்டர் ஓட்டத்துக்கும் முதல் ஆளாக வந்து நிற்பவர்கள்தான். நீச்சல் என்றதும் பின்வாங்குகிறார்கள். அதுமட்டுமா, பின்வாங்குவதற்கு ஓர் 'அறிவியல்' காரணத்தையும் சேர்த்துக்கொள்கிறார்கள். பயமாக இருக்கிறது என்று சொல்லியிருந்தால் நான் எழுத வேண்டிய அவசியமே இல்லை. பயத்தைப் போக்க வழி உண்டு. தவறான அறிவியலை விட்டுவைத்தால் அது அண்ணனிடமிருந்து தம்பிக்கும், அப்பாவிடமிருந்து மகளுக்கும் போய்க்கொண்டே இருக்கும். அதைத் தட்டிக் கேட்பது இந்தப் பக்கத்தின் வேலை.

முதலில் ஒருவரை அறிமுகப்படுத்துகிறேன்.

சஜன் பிரகாஷ். 1993-இல் கேரள மாநிலம் இடுக்கியில் பிறந்தவர். வளர்ந்தது தமிழ்நாட்டின் நெய்வேலியில். அம்மா சாந்திமோள் அந்தக் காலத்துத் தடகள வீராங்கனை. நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனத்தில் வேலை. சுரங்கத் தொழிலாளர்களுக்காகத் திட்டமிட்டுக் கட்டப்பட்ட நகரம் நெய்வேலி. அங்கே பள்ளி, மருத்துவமனை, விளையாட்டுத் திடல் ஆகியவற்றோடு ஒரு நீச்சல் குளமும் இருந்தது. அந்தக் குளத்தில்தான் சஜன் நீந்தப் பழகினார். இந்தக் குளத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

இடையில் ஒரு செய்தி. நெய்வேலியில் நிலக்கரிப் படிவத்துக்குக் கீழே பெரும் அழுத்தத்தில் நிலத்தடி நீர் இருக்கிறது. அதை இடைவிடாமல் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் அந்த அழுத்தம் சுரங்கத்தின் தரையையே மேலே தள்ளி உடைத்துவிடும். நீரின் அழுத்தத்தோடு மல்லுக்கட்டியே வாழும் ஊரிலிருந்து ஒரு நீச்சல் வீரர் வந்தார் என்பது எனக்குப் பிடித்த ஒற்றுமை.

சஜனின் சிறப்பு, பட்டர்ஃபிளை எனப்படும் வண்ணத்துப்பூச்சிப் பாணி 200 மீட்டர். நான்கு பாணிகளில் தோள்களை அதிகம் வதைப்பது இதுதான். 2015-இல் கேரளத்தில் நடந்த இந்தியத் தேசிய விளையாட்டுப் போட்டியில் 6 தங்கமும் 3 வெள்ளியும் வென்றார். 2016-இல் ரியோ ஒலிம்பிக். அதற்கு அவர் போனது, போதிய தகுதி நேரத்தை எட்டிய வீரர் இல்லாத நாடுகளுக்குத் தரப்படும் ஒதுக்கீட்டு இடத்தில். அங்கே 1 நிமிடம் 59.37 விநாடியில் நீந்தி 28-ஆவது இடம் பெற்றார்.

2018-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டி. 200 மீட்டர் வண்ணத்துப்பூச்சி இறுதிச் சுற்றில் 1:57.75 நேரத்தில் ஐந்தாவதாக வந்தார். இந்தப் பிரிவில் இந்தியர் ஒருவர் கடைசியாகச் சாதித்தது 1986-இல். அந்த ஆண்டு சியோலில் கஜான் சிங் வெள்ளி வென்றிருந்தார். சஜன் ஜகார்த்தாவில் நீந்திய அதே நாள்களில் கேரளத்தில் பெருவெள்ளம். இடுக்கியில் இருந்த அவருடைய உறவினர்களைப் பற்றித் தகவலே கிடைக்கவில்லை. அந்த நிலையில் நீரில் குதித்து நீந்துவது எப்படி இருந்திருக்கும்? என்னால் கற்பனை செய்ய முடியவில்லை.

அதன் பிறகு கழுத்து எலும்புகளுக்கிடையே உள்ள வட்டுகள் விலகின. வலி தோளுக்கும் கைக்கும் இறங்கியது. வண்ணத்துப்பூச்சிப் பாணியில் உடல் முழுவதும் அலைபோல் வளைய வேண்டும். அந்த அலை தொடங்குவதே தலையும் நெஞ்சும் இருக்கும் பகுதியில்தான். கழுத்தில் காயம் பட்ட ஒருவருக்கு இதைவிடக் கொடுமையான பாணி இல்லை. 2020-இல் தாய்லாந்தில் பயிற்சியில் இருந்தபோது கோவிட் வந்து குளங்களை மூடியது. ஊருக்கும் திரும்ப முடியவில்லை. பிறகு துபாய்க்குப் போய், பயிற்சியாளர் பிரதீப் குமாரிடம் மறுபடியும் மெதுவாகத் தொடங்கினார்.

2021 ஜூன். தோக்கியோ ஒலிம்பிக்குக்கு நேரடியாகத் தகுதி பெற வேண்டிய 'ஏ' நேரம் 1:56.48. பெல்கிரேடில் அவர் நீந்தியது 1:56.96. போதவில்லை. ஜூன் 26-ஆம் நாள் ரோம் நகரில் நீந்தியது 1:56.38. ஒலிம்பிக் 'ஏ' தகுதி நேரத்தை எட்டிய முதல் இந்திய நீச்சல் வீரர் ஆனார். அதே போட்டியில் ஸ்ரீஹரி நடராஜும் 100 மீட்டர் மல்லாந்த நீச்சலில் 53.77 விநாடியில் நீந்தி அவரைத் தொடர்ந்தார்.

இப்போது அடிக்கோலை எடுங்கள். சஜன் தகுதி நேரத்தை முந்தியது 0.10 விநாடியில். 200 மீட்டரை 116.38 விநாடியால் வகுத்தால் சராசரி வேகம் ஏறக்குறைய 1.72 மீட்டர்/விநாடி. அதை 0.10-ஆல் பெருக்குங்கள். 17 சென்டிமீட்டர். ஒரு சாணுக்கும் குறைவு! 200 மீட்டர் நீந்திய பிறகு, ஒதுக்கீட்டில் போவதற்கும் உரிமையோடு போவதற்கும் இடையில் இருந்த தூரம் அவ்வளவுதான்.

சரி, எலும்புக் கணக்குக்கு வருவோம்.

60 கிலோகிராம் எடையுள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். மூச்சை முழுவதும் வெளியே விட்ட நிலையில் அவர் உடலின் கனஅளவு ஏறக்குறைய 58 லிட்டர் என்று வைப்போம். நீரில் முழுவதும் அமிழ்ந்தால் 58 கிலோ நீரை விலக்குவார். எடை 60 கிலோ. ஆகவே மூழ்குவார். இப்போது அதே ஆள் நெஞ்சு நிறைய மூச்சை இழுக்கிறார். நுரையீரலுக்குள் சுமார் 4 லிட்டர் காற்று போகிறது. காற்றுக்கு எடை என்று சொல்லும்படி ஒன்றுமில்லை. ஆனால் உடலின் கனஅளவு 62 லிட்டராகிறது. விலக்கக்கூடிய நீர் 62 கிலோ. மிதக்கிறார். உங்கள் பாடநூல் 'டாயா அப்புங்கான்' என்று சொல்லும் மிதப்பு விசை இதுதான். ஆர்க்கிமிடிஸ் சொன்னதற்கு மேல் இதில் எதுவும் இல்லை.

எலும்பு? 60 கிலோ ஆளின் எலும்புக்கூடு ஏறக்குறைய 9 கிலோ. நம் எலும்பு மற்றவர்களுடையதைவிட 5 விழுக்காடு கனம் என்று, எந்த ஆதாரமும் கேட்காமலேயே ஒப்புக்கொள்வோம். எவ்வளவு கூடியது? 450 கிராம். ஒரு மூச்சு தரும் 4 கிலோவுக்கு முன்னால் 450 கிராம்! அப்படியானால் உங்களை மூழ்கடிப்பது எலும்பு அல்ல. நீரில் இறங்கியதும் பயந்து கத்தி மூச்சை வெளியே விடுகிறீர்களே, அதுதான்.

"கால் கீழே போகுதே, டீச்சர்?" என்று சிலர் கேட்பார்கள். நல்ல கேள்வி. மிதப்பு விசை செயல்படும் மையம் காற்று நிறைந்த நெஞ்சுப் பக்கம் இருக்கிறது. எடையின் மையமோ இடுப்பை ஒட்டி இருக்கிறது. இரண்டும் ஒரே இடத்தில் இல்லாததால் உடல் சுழன்று கால் தாழ்கிறது. இது எல்லா இனத்தவருக்கும் நடக்கும். கொழுப்பு குறைவான உலக வெற்றியாளர்களுக்கு இன்னும் அதிகமாகவே நடக்கும். அவர்கள் கால் உதைத்தும் தலையின் நிலையைச் சரிசெய்தும் அதைச் சமாளிக்கக் கற்றவர்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மிதப்பது வேறு, வேகமாக நீந்துவது வேறு. நீரின் தடை, வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. அதை வெல்லத் தேவையான திறனோ மும்மடிக்கு ஏற்பக் கூடுகிறது. வேகத்தை 1 விழுக்காடு கூட்ட வேண்டுமானால் ஏறக்குறைய 3 விழுக்காடு அதிகத் திறன் வேண்டும். சஜன் ரியோவிலிருந்து ரோமுக்குள் 1:59.37-ஐ 1:56.38 ஆக்கினார். ஐந்து ஆண்டுகளில் மூன்று விநாடி. வேகத்தில் ஏறக்குறைய 2.5 விழுக்காடு. வெறும் பலத்தால் அதைச் செய்ய முயன்றால் 8 விழுக்காடு அதிகத் திறன் வேண்டியிருக்கும். அதுவும் கழுத்துக் காயத்துக்குப் பிறகு.

ஆகவே பலத்தை மட்டும் நம்பினால் நடக்காது. தடையைக் குறைக்க வேண்டும். நீர்மட்டத்தில் போகும்போது உடல் அலைகளை எழுப்பி ஆற்றலை வீணாக்குகிறது. மட்டத்துக்குக் கீழே போனால் அந்த இழப்பு குறையும். அதனால்தான் வீரர்கள் குதித்ததும், சுவரில் திரும்பியதும், டால்பின் போல் கால்களைச் சேர்த்து உதைத்து நீருக்கடியிலேயே போகிறார்கள். விதி 15 மீட்டர் வரைதான் அனுமதிக்கிறது. 50 மீட்டர் குளத்தில் 200 மீட்டர் நீந்தும்போது ஒரு தொடக்கம், மூன்று திருப்பம். மொத்தம் 60 மீட்டர் வரை நீருக்கடியில் போகலாம். கை உள்ளே நுழையும் கோணம், தலை எழும் உயரம், சுவரைத் தொடும் நேரம் என ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கான தடவை செய்து பழகியது. 17 சென்டிமீட்டர் இங்கிருந்துதான் வந்தது. இவற்றில் எதையும் எலும்போடு பிறந்து கொண்டுவர முடியாது. குளம் வேண்டும், பயிற்சியாளர் வேண்டும், ஆண்டுகள் வேண்டும்.

ஆனால் உடலமைப்புக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அதுவும் அறிவியல் அல்ல. தோக்கியோவில் சஜன் 1:57.22 நேரத்தில் நீந்தி 24-ஆவது இடத்தில் வந்தார், அரையிறுதிக்குப் போகவில்லை. அந்தப் பிரிவில் தங்கம் வென்ற ஹங்கேரியின் கிறிஸ்டோப் மிலாக்கின் நேரம் 1:51.25. இருவரும் ஒரே நேரத்தில் அந்த வேகங்களில் நீந்தியிருந்தால், மிலாக் சுவரைத் தொடும்போது சஜன் பத்து மீட்டர் பின்னால் இருந்திருப்பார். உயரமும் நீண்ட கையும் உச்சியில் உதவத்தான் செய்கின்றன. 2010-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகப் பேராசிரியர் அட்ரியன் பெஜானும் அவருடன் சேர்ந்தவர்களும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். உடற்பகுதி நீளமாக இருப்பவர்களுக்கு நீச்சலில் ஏறக்குறைய 1.5 விழுக்காடு வேக அனுகூலம் உண்டு என்பது அவர்கள் வாதம். இணையத்தில் இனப் பேச்சு பேசுபவர்கள் இதைக் காட்டுவார்கள். நீங்களும் ஒரு நாள் பார்ப்பீர்கள்.

அப்போது இரண்டு விஷயங்களை யோசியுங்கள். அது கூட்டங்களின் சராசரியைப் பற்றியது. உங்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் ஒருவரைப் பற்றியது அல்ல. எல்லா இனத்திலும் நெட்டையர் உண்டு, குட்டையர் உண்டு. அடுத்தது, அந்த 1.5 விழுக்காட்டைச் சஜனின் 2.5 விழுக்காட்டோடு ஒப்பிடுங்கள். ஒரு தனி மனிதரின் ஐந்தாண்டு உழைப்பு, அந்த ஆய்வு சொல்லும் வேறுபாட்டைவிடப் பெரியது. ஒலிம்பிக் தங்கத்தைத் தீர்மானிக்கும் கடைசிச் சில விழுக்காட்டைக் காரணம் காட்டி, ஐம்பது மீட்டர் கூட நீந்தக் கற்காமல் இருப்பது என்ன நியாயம்?

இதே கதை அமெரிக்காவிலும் நடந்தது. கறுப்பினத்தவருக்கு மிதக்கும் தன்மை இல்லை, அதனால் அவர்கள் நல்ல நீச்சல்காரர்கள் ஆவதில்லை என்று 1987-இல் ஆல் கேம்பானிஸ் என்ற பேஸ்பால் நிர்வாகி தொலைக்காட்சியில் பேசினார், பதவியையும் இழந்தார். உண்மைக் காரணம் கண்ணெதிரே இருந்தது. பல ஊர்களில் பொதுக் குளங்களுக்குள் கறுப்பினத்தவரை விட்டதே இல்லை. சேர்ந்து குளிக்கச் சட்டம் சொன்னபோது குளத்தையே மூடிய ஊர்களும் உண்டு. தலைமுறைகளாகக் குளத்தைக் காணாதவர்கள் எப்படி நீந்துவார்கள்? 2016-இல் ரியோவில் சிமோன் மனுவேல் 100 மீட்டர் சுதந்திர நீச்சலில் 52.70 விநாடியில் தங்கத்தைத் தொட்டார். தனிநபர் நீச்சலில் ஒலிம்பிக் தங்கம் வென்ற முதல் கறுப்பின அமெரிக்கப் பெண் அவர். அதே ரியோவில் நம் தெப்ராவ் நீரிணைக்கு அக்கரையில் இருக்கும் சிங்கப்பூரின் ஜோசப் ஸ்கூலிங், 100 மீட்டர் வண்ணத்துப்பூச்சியில் 50.39 விநாடியில் மைக்கேல் ஃபெல்ப்ஸை முந்தினார். சிங்கப்பூருக்கு அதுவே முதல் ஒலிம்பிக் தங்கம். அவர் பதின்ம வயதிலேயே அமெரிக்காவுக்குப் போய்ப் பயிற்சி பெற்றவர். மீண்டும் அதே பதில்தான்: குளம், பயிற்சியாளர், ஆண்டுகள்.

தமிழர் நீந்தியதே இல்லை என்று நினைத்தால் வரலாற்றையும் பாருங்கள். வல்வெட்டித்துறையைச் சேர்ந்த குமார் ஆனந்தன் 1971-இல் இலங்கையிலிருந்து இந்தியாவுக்கும், அங்கிருந்து திரும்பவும் பாக் நீரிணையை 51 மணி நேரத்தில் நீந்திக் கடந்தார். தமிழ்நாட்டின் குற்றாலீசுவரன் 1994-இல், பன்னிரண்டு வயதில், ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். இவர்களுக்கும் நமக்கும் எலும்பு வேறா?

பிறகு ஏன் நம் பிள்ளைகள் நீந்துவதில்லை? என் பதிலைச் சொல்கிறேன். வீட்டில் சிலருக்குப் பிடிக்காமல் போகலாம். ஜாதகத்தில் 'தண்ணீரில் கண்டம்' என்று எழுதியிருப்பதால் குளத்துப் பக்கமே விடாத வீடுகளை எனக்குத் தெரியும். கண்டம் இருந்தால் முதலில் நீச்சல்தானே கற்றுத்தர வேண்டும்! பெண் பிள்ளையென்றால் "வெயில்ல கறுத்துப் போயிடுவே" என்ற பேச்சு. அதற்கு மேல் நீச்சல் உடை பற்றிய தயக்கம். உடலை மூடும் நீச்சல் உடைகள் இப்போது எல்லாக் கடைகளிலும் கிடைக்கின்றன. மற்ற இனத் தோழிகள் அணிந்து நீந்துவதைப் பார்க்கிறோம். படிவம் நான்கு வந்துவிட்டால் எஸ்.பி.எம்., டியூஷன். பொதுக் குளத்துக்குக் கட்டணம் சில ரிங்கிட்தான். ஆனால் ஏற்றிக்கொண்டு போய் விட ஆள் வேண்டும், தோட்டப்புறத்தில் இருப்பவர்களுக்குக் குளமே தொலைவு. இவைதான் காரணங்கள். இவற்றில் சிலவற்றை நாம் மாற்ற முடியும், சிலவற்றைப் பள்ளியும் நகராண்மைக் கழகமும் மாற்ற வேண்டும். 'எலும்பு கனம்' என்று சொல்லிவிட்டால் எவரும் எதையும் மாற்ற வேண்டியதில்லை. அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்காததற்கு அதுதான் காரணம்.

சஜனின் இடத்தில் வேறொரு பையனை வைத்துப் பாருங்கள். அதே உடல், அதே எலும்பு. ஆனால் குளம் இல்லாத ஊர், விளையாட்டைப் புரிந்துகொள்ளாத வீடு. அவர் பெயரை நாம் கேள்விப்பட்டிருக்கவே மாட்டோம். இருந்தும், குளம் இருந்ததால் மட்டும் எல்லாம் நடந்துவிடவில்லை. தோக்கியோவுக்குப் பிறகும் அவர் நிறுத்தவில்லை. 2022 தேசிய விளையாட்டுப் போட்டியில், 29 வயதில், ஆண்களில் சிறந்த வீரராகத் தேர்வானார்.

உங்கள் எல்லாரையும் சஜன் ஆகச் சொல்லவில்லை. எனக்கு வேண்டியது அதைவிடச் சின்னது, அதைவிட அவசரமானது. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-இல் மட்டும் ஏறக்குறைய 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். பள்ளி விடுமுறை வந்தால் நீங்கள் கோத்தா திங்கி நீர்வீழ்ச்சிக்கும் டெசாரு கடற்கரைக்கும் போகிறீர்கள். 'நீச்சல் வராது' என்று சொன்ன அதே பிள்ளைகள் நண்பர்களோடு ஆற்றில் இறங்கத் தயங்குவதில்லை. வராது என்று முடிவு கட்டியதால் கற்கவும் இல்லை; கற்காததால் இறங்காமலும் இல்லை. இதுதான் எனக்கு உறக்கம் கெடுக்கும் கணக்கு. மலையில் மழை பெய்தால் திடீரென இறங்கும் நீர்ப்பெருக்கு, மலாயில் 'கெப்பாலா ஆயேர்' என்பார்களே, அது நன்றாக நீந்துபவரையும் அடித்துக்கொண்டு போகும். நீச்சல் தெரிந்தவருக்கு அந்த நீரின் ஆபத்தும் தெரியும். அதுவும் நீச்சல் பாடத்தின் ஒரு பகுதி.

ஆகவே ஒரு வீட்டுப்பாடம். ஆற்றிலோ கடலிலோ அல்ல. உயிர்காப்பாளர் இருக்கும் குளத்தில், நெஞ்சளவு நீரில், நீச்சல் தெரிந்த பெரியவர் பக்கத்தில் நிற்கும்போது மட்டும் செய்யுங்கள். மல்லாந்து படுங்கள். காது நீருக்குள் இருக்கட்டும், முகம் வானத்தைப் பார்க்கட்டும், கைகளை அகல விரியுங்கள். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, எத்தனை விநாடி மிதக்கிறீர்கள் என்று ஒருவரை எண்ணச் சொல்லுங்கள். பிறகு மெதுவாக மூச்சை விட்டு, உடல் எப்போது தாழத் தொடங்குகிறது என்று பாருங்கள். மூன்று முறை செய்து சராசரி எடுங்கள். சீன, மலாய் நண்பர்களையும் கூட்டிக்கொண்டு போய் அவர்களுடைய அளவையும் எடுத்தால் இன்னும் நல்லது. படிவம் ஐந்தில் ஆர்க்கிமிடிஸ் பாடம் வரும்போது அந்தத் தாளை உங்கள் ஆசிரியரிடம் காட்டுங்கள்.